என்பிசி கழற்றிவிட்ட பாஸ்டன் சேனல் 7: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2017 ஜனவரி 1-ம் தேதி, பாஸ்டனின் சேனல் 7 தன் 22 ஆண்டு அடையாளத்தை இழந்தது. டபிள்யூஎச்டிஎச் என்பது அதன் உரிமப் பெயர். முந்தைய நாள்வரை அது என்பிசி என்ற தேசியத் தொலைக்காட்சி நெட்வொர்க்கின் பாஸ்டன் முகம். அன்று முதல் எந்த நெட்வொர்க்கும் இல்லாத தனி நிலையம். அந்த வட்டாரத்தில்தான், ஷாரன் என்ற சிற்றூரில், நான் குடியிருக்கிறேன். அன்றிலிருந்து இதைப் பற்றிப் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். 2025-ல் மயாமியிலும் அட்லாண்டாவிலும் இதே மாதிரி நடந்தபோது கேள்விகள் கூடிப்போயின. எனவே எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கிறேன்.

முதலில், நெட்வொர்க் "இணைப்பு" என்றால் என்ன?

சன் டிவி பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது கொஞ்சம் புதிராக இருக்கும். சென்னையில் ஒளிபரப்பாவதுதான் கன்னியாகுமரியிலும் வரும். நடுவில் இன்னொரு முதலாளி கிடையாது. அமெரிக்காவில் ஏபிசி, சிபிஎஸ், என்பிசி, ஃபாக்ஸ் ஆகிய நான்கு பெரிய நெட்வொர்க்குகளும் சீரியல், பெரிய விளையாட்டு போன்றவற்றைத் தரும். அவற்றைக் கோபுரம் வைத்து வீட்டு ஆன்டெனாவரை கொண்டு சேர்ப்பது உள்ளூர் நிலையம். நாட்டை 210 தொலைக்காட்சிச் சந்தைகளாகப் பிரித்திருக்கிறார்கள். நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் போன்ற பெருநகரங்களில் நிலையமும் நெட்வொர்க்குக்கே சொந்தம். மற்ற பெரும்பாலான ஊர்களில் நிலையம் வேறொருவர் கையில் இருக்கும். அவரும் நெட்வொர்க்கும் சில ஆண்டுகளுக்கு ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொள்வார்கள். அதுதான் இணைப்பு. ஒரே கம்பெனி எல்லா ஊரிலும் நிலையம் வாங்கிக் குவிக்கவும் முடியாது. ஒருவருடைய நிலையங்கள் நாட்டின் 39 சதவீத வீடுகளுக்கு மேல் எட்டக் கூடாது என்று சட்டம் இருக்கிறது.

பார்க்கிறவர்களுக்கு இந்தப் பிரிவினை தெரியாது. சேனல் 7 என்றால் என்பிசி, என்பிசி என்றால் சேனல் 7, அவ்வளவுதான். மாலை 6 மணிக்கு உள்ளூர் செய்தி வாசிப்பவரும் 8 மணி சீரியலும் ஒரே வீட்டு ஆட்கள் என்றுதான் நினைப்பார்கள். ஒரே கூரைக்குக் கீழே இரண்டு குடித்தனம் என்பது பிரியும்போதுதான் வெளியே வரும்.

இணைப்பு போனால் உரிமமும் போய்விடுமா?

போகாது. உரிமம் தருவது எஃப்சிசி என்ற அரசு ஆணையம். அதற்கும் நெட்வொர்க்குக்கும் சம்பந்தமில்லை. இரண்டு விதமான இழப்பையும் கண்ட ஊர் பாஸ்டன். 1972-ல் இதே டபிள்யூஎச்டிஎச் என்ற பெயரில் சேனல் 5-ல் இயங்கிய வேறொரு நிலையம் நீண்ட வழக்குக்குப் பிறகு உரிமத்தையே இழந்து மூடப்பட்டது. அந்த எண்ணில் டபிள்யூசிவிபி என்ற புது நிலையம் வந்தது. அது மரணம். 2017-ல் சேனல் 7-க்கு நடந்ததை மணமுறிவு என்று சொல்லலாம். வீடு, கோபுரம், கேமரா, ஆட்கள் எல்லாம் அப்படியே இருந்தன.

இதில் யார் யாருக்குப் பணம் கொடுக்கிறார்கள்?

காலம் திசையை மாற்றிவிட்டது. பல பத்தாண்டுகள் நெட்வொர்க்தான் நிலையத்துக்குப் பணம் கொடுத்தது. "எங்கள் நிகழ்ச்சியை உன் கோபுரத்தில் விடு, அந்த நேரத்துக்கு இந்தா கூலி" என்ற கணக்கு. அதோடு ஒவ்வொரு மணி நேரத்திலும் சில நிமிட விளம்பர இடத்தை நிலையம் தானே விற்றுக்கொள்ளலாம்.

1992-ல் வந்த கேபிள் சட்டம், உள்ளூர் நிலையத்தை எடுத்துக் காட்டும் கேபிள் கம்பெனியிடம் காசு கேட்கும் உரிமையை நிலையத்துக்குக் கொடுத்தது. ஆரம்பத்தில் அதில் பெரிதாக எதுவும் வரவில்லை. பிறகு சந்தா வீடு ஒன்றுக்கு மாதம் இவ்வளவு என்று நல்ல தொகை வரத் தொடங்கியது. உடனே நெட்வொர்க்குகள், "உன் சேனலுக்கு அவர்கள் காசு கொடுப்பதே எங்கள் அமெரிக்கக் கால்பந்துக்காகத்தான், எங்கள் பங்கை எடுத்து வை" என்றன. இன்று பணம் நிலையத்திலிருந்து நெட்வொர்க்குக்குப் போகிறது. ஒவ்வொரு முறை ஒப்பந்தம் புதுப்பிக்கும்போதும் தொகை ஏறுகிறது. நான் கீழே சொல்லப்போகும் சண்டைகளில் பலவற்றுக்கு வேர் இதுதான்.

பாஸ்டனில் என்ன நடந்தது?

சேனல் 7-இன் உரிமையாளர் சன்பீம் டெலிவிஷன். அதன் முதலாளி எட் ஆன்சின் இந்த நிலையத்தை 1993-ல் வாங்கினார். அப்போது அது சிபிஎஸ் நிலையம். அந்த ஊரின் என்பிசி நிலையமாக நெடுங்காலம் இருந்தது சேனல் 4, டபிள்யூபிஸெட். அதன் உரிமையாளர் வெஸ்டிங்ஹவுஸ் 1994-ல் சிபிஎஸ்ஸோடு பெரிய உடன்பாடு செய்துகொள்ள, 1995 ஜனவரி 2 அன்று இரண்டு நிலையங்களும் நெட்வொர்க்கை மாற்றிக்கொண்டன. என்பிசி சேனல் 7-க்கு வந்ததே இப்படி ஒரு இடமாற்றத்தில்தான்.

அந்த ஒப்பந்தம் 2016 டிசம்பர் 31-ல் முடிவதாக இருந்தது. வழக்கம்போலப் புதுப்பிப்பார்கள் என்று ஊர் நினைத்தது. 2016 ஜனவரி 7 அன்று, அடுத்த புத்தாண்டு முதல் "என்பிசி பாஸ்டன்" என்ற பெயரில் தாங்களே சொந்தமாக ஒளிபரப்பப் போவதாக என்பிசி பகிரங்கமாக அறிவித்தது. நிலையத்தை 20 கோடி டாலருக்குக் கேட்டார்கள் என்றும், அதன் மதிப்புக்கு அது போதவே போதாது என்று மறுத்துவிட்டதாகவும் ஆன்சின் சொன்னார்.

அந்த ஆண்டு முழுவதும் சேனல் 7-இன் நிலைமையை நினைத்துப் பாருங்கள். விவாகரத்து தேதி குறித்தாகிவிட்டது; அதுவரை ஒரே வீட்டில் இருக்க வேண்டும். என்பிசியின் ரியோ ஒலிம்பிக்ஸையும் இவர்களே ஒளிபரப்பினார்கள்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த நிலையத்தை என்பிசி ஏன் விட்டது?

சரியாக ஓடவில்லை என்பதால் இல்லை. 2011 ஜனவரியில் என்பிசி யூனிவர்சல் காம்காஸ்ட் கைக்குப் போனது. காம்காஸ்ட்டுக்கு பாஸ்டன் உள்ளிட்ட நியூ இங்கிலாந்து வட்டாரத்தில் கேபிள் தொழில் ஏற்கெனவே பெரிது. என்இசிஎன் என்ற 24 மணி நேர வட்டாரச் செய்திச் சேனலும் அவர்களுடையது. நியூ ஹாம்ப்ஷயரின் மெரிமாக் ஊருக்கு உரிமம் பெற்ற டெலிமுண்டோ என்ற ஸ்பானிய மொழி நிலையமும் அவர்களுடையது. செய்தி அறை கையில், நிருபர்கள் கையில், கேபிள் பெட்டியும் கையில். உள்ளூர் விளம்பரக் காசையும் கேபிள் கட்டணத்தையும் ஏன் இன்னொருவரோடு பங்கு போட வேண்டும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். வியாபாரமாகப் பார்த்தால் புரிகிறது. ஆனால் அந்தக் கணக்கில் இலவச ஆன்டெனாவில் பார்ப்பவர்களுக்கு முதலில் இடமே இருக்கவில்லை என்பது என் வருத்தம்.

இருவருக்கும் அதற்கு முன்பே மனஸ்தாபம் இருந்ததாமே?

இருந்தது. 2008 டிசம்பரில், பின்னிரவு அரட்டைத் தொகுப்பாளர் ஜே லெனோவின் நிகழ்ச்சியை வாரநாட்களில் தினமும் இரவு 10 மணிக்கு வைக்கப்போவதாக என்பிசி அறிவித்தது. 10 மணி நிகழ்ச்சி படுத்துவிட்டால் அதை ஒட்டி வரும் 11 மணி உள்ளூர் செய்தியும் படுத்துவிடும், நிலையத்தின் வருமானமே அந்தச் செய்திதான் என்று ஆன்சின் கவலைப்பட்டார். லெனோவை ஒளிபரப்ப மாட்டேன், அந்த நேரத்தில் எங்கள் செய்தியைப் போடுகிறேன் என்றார். அப்படியானால் இணைப்பே இருக்காது என்று என்பிசி மிரட்டியது. ஆன்சின் பணிந்தார்.

அந்த நிகழ்ச்சி 2009 செப்டம்பரில் தொடங்கி அடுத்த பிப்ரவரியிலேயே நின்றது. நிறுத்தக் காரணம் ஆன்சின் சொன்ன அதே காரணம். பல ஊர்களில் 11 மணிச் செய்திக்குப் பார்ப்பவர்கள் குறைந்துபோய் நிலையங்கள் கொதித்தன. தன் நிலையத்தின் அடிமடியில் எது கைவைக்கும் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது.

ஆன்சின் வழக்குப் போட்டாரே, என்ன ஆயிற்று?

தோற்றார். 2016 மார்ச்சில் பாஸ்டன் ஃபெடரல் நீதிமன்றத்துக்குப் போனார். ஏகபோகத் தடுப்புச் சட்டத்தையும், காம்காஸ்ட் என்பிசியை வாங்கியபோது அரசு விதித்த நிபந்தனைகளையும் காட்டி வாதாடினார். மே மாதமே நீதிபதி ரிச்சர்ட் ஸ்டேர்ன்ஸ் வழக்கைத் தள்ளுபடி செய்தார். ஒப்பந்தம் முடிந்தால் முடிந்ததுதான். புதுப்பிக்கச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. ஆகஸ்டில் ஆன்சின், புத்தாண்டு முதல் தனி நிலையமாக நடத்துகிறோம், உள்ளூர் செய்தியை அதிகப்படுத்துகிறோம் என்று அறிவித்தார்.

கேபிள் வைத்திருந்தவர்களுக்கு என்ன மாற்றம்?

சேனல் எண் மாறியது. பெரும்பாலான கேபிள் வீடுகளில் என்பிசி 10-ம் எண்ணுக்குப் போனது. அவ்வளவே.

ஆன்டெனாவில் பார்த்தவர்களுக்கு?

அவர்கள் பாடுதான் திண்டாட்டம். சேனல் 7-இன் கோபுரம் பாஸ்டனை ஒட்டி இருக்கிறது. அலை நாலா பக்கமும் போகும். என்பிசியின் கையில் இருந்த டெலிமுண்டோ நிலையத்தின் கோபுரமோ வடக்கே நியூ ஹாம்ப்ஷயரில், காஃப்ஸ்டவுன் பக்கத்து மலையில். பாஸ்டனுக்குத் தெற்கே அந்த அலை நைந்துதான் வரும். இலவசமாகப் பார்ப்பவர்களின் கதி என்ன என்று மாசசூசெட்ஸ் செனட்டர் எட் மார்க்கியே கேள்வி எழுப்பினார். கடைசியில் என்பிசி மூன்று வழிகளை ஒட்டுப்போட்டது. குறைந்த சக்தியில் இயங்கும் சேனல் 8 ஒன்று, டெலிமுண்டோ நிலையத்தின் அலைக்குள்ளேயே ஓடும் உள்சேனலாக 60.2 ஒன்று, வேறொரு நிலையத்தில் வாடகைக்கு எடுத்த உள்சேனல் ஒன்று. 2018-ல்தான், நாஷுவாவின் சிறு நிலையம் ஒன்றின் உரிமத்தை வாங்கி, நீதம் ஊரில் இருக்கும் பொதுத் தொலைக்காட்சிக் கோபுரத்தின் அலைவரிசையைப் பங்குபோட்டுக்கொண்டு நிலைமையைச் சீர் செய்தது.

அந்தப் புத்தாண்டு ஞாயிற்றுக்கிழமை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எங்கள் கட்டடத்தில் கீழ் வீட்டு அம்மாவுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. ஓய்வூதியத்தில் வாழ்கிறவர், கேபிள் கிடையாது. ஜன்னலோரம் இரண்டு கம்பி ஆன்டெனா, அதன் ஒரு கம்பியில் சுருட்டிவிட்ட அலுமினியத் தாள். அன்று இரவு கிரீன் பே, டெட்ராய்ட் அணிகளின் ஆட்டம். மாலை ஐந்து மணிக்குக் கதவைத் தட்டி, "7-ல் கால்பந்து இல்லையாம், எங்கே என்று கண்டுபிடித்துக் கொடு" என்றார். ரிமோட்டில் மெனு, செட்டிங், சேனல் ஸ்கேன். நீலப் பட்டை நகர நகர எண்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. புது என்பிசி முதலில் கட்டம் கட்டமாகச் சிதறியது. ஆன்டெனாவைக் கையில் தூக்கிக்கொண்டு அறை முழுக்க நடந்தேன். சமையலறையின் வடக்கு ஜன்னலில் டேப் போட்டு ஒட்டிய பிறகுதான் படம் நின்றது. கம்பி எட்டாததால் டிவியையும் சமையலறை மேசைக்கு நகர்த்தினோம். அன்றிரவு அவர் அடுப்புக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து ஆட்டம் பார்த்தார்.

ஆன்சினுக்கு இது முதல் அனுபவமா?

இரண்டாவது. அதுவும் இரண்டு முறையும் அதே என்பிசியோடு, இரண்டு முறையும் ஜனவரி 1-ம் தேதி. இந்தக் கதை முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

மயாமியிலும் சன்பீமுக்கு ஒரு சேனல் 7 உண்டு. டபிள்யூஎஸ்விஎன். அது பல பத்தாண்டுகளாக என்பிசி நிலையம். 1987-ல் என்பிசி அந்த ஊரில் சொந்த நிலையம் வேண்டும் என்று டபிள்யூடிவிஜே என்ற சேனல் 4-ஐ 27 கோடி டாலருக்கு வாங்கியது. அதுவோ சிபிஎஸ்ஸின் நிலையம். ஆன்சினின் ஒப்பந்தம் 1988 கடைசி வரை இருந்தது. அவர் ஒருநாள்கூட முன்னதாக விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. ஆகவே ஓராண்டுக்கும் மேல், என்பிசிக்குச் சொந்தமான நிலையம் தன் போட்டியாளரான சிபிஎஸ்ஸின் நிகழ்ச்சிகளை ஒளிபரப்பிக்கொண்டிருந்தது. சிபிஎஸ் இடம் தேடி அலைந்து சேனல் 6-ஐ வாங்கியது. அந்தக் கோபுரம் தெற்கே தள்ளி ஹோம்ஸ்டெட் பக்கம் இருந்ததால் வடக்கே பிரோவார்ட் வட்டாரத்தில் படம் தெளிவாக வரவில்லை. பாஸ்டனில் பிறகு நடந்ததற்கு அப்போதே ஓர் ஒத்திகை.

1989 ஜனவரி 1-ம் தேதி மாற்றம் நடந்தது. ஆன்சினுக்கு மிஞ்சியது ஃபாக்ஸ். அப்போது ஃபாக்ஸ் குழந்தை நெட்வொர்க். வாரத்தில் சில இரவுகளுக்கு மட்டும் நிகழ்ச்சி தரும். சேனல் 7 கதை முடிந்தது என்றார்கள். அவர் காலி நேரம் முழுவதையும் செய்தியால் நிரப்பினார். ஒரு நாளைக்கு ஏழு மணி நேரம் செய்தி. வேகமான வெட்டு, இசை, வண்ணப் பட்டை, எந்நேரமும் "சற்று முன்". மக்கள் பார்த்தார்கள். நிலையம் லாபம் கொழித்தது.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். அந்தச் செய்தியில் கொலையும் கொள்ளையும் தூக்கல். 1994-ல் தெற்கு ஃப்ளோரிடா ஹோட்டல்கள் சில, சுற்றுலாப் பயணிகள் பயந்துபோகிறார்கள் என்று தங்கள் அறைகளில் அந்தச் சேனலையே நிறுத்திவைத்தன. செய்தி நேரம் கூடுவதும் செய்தியின் தரம் கூடுவதும் ஒன்றில்லை. இதை மறைத்துவிட்டு ஆன்சினைப் புகழ எனக்கு மனம் வரவில்லை.

பாஸ்டனில் காலியான நேரத்தை எதைக் கொண்டு நிரப்பினார்கள்?

மயாமி மருந்தையே கொடுத்தார்கள். காலைச் செய்தியை நீட்டினார்கள். ப்ரைம் டைமிலும் செய்தியைக் கொண்டுவந்தார்கள். 2009-ல் ஆன்சின் ஆசைப்பட்ட அந்த இரவு 10 மணிச் செய்தி இப்போது யார் அனுமதியும் இல்லாமல் சேனல் 7-ல் வந்தது. மிச்ச நேரத்துக்கு வெளியிலிருந்து வாங்கிய கேம் ஷோக்களும் அரட்டை நிகழ்ச்சிகளும்.

ஒரு தனி நிலையத்துக்கு உள்ளூர் செய்தி ஏன் சோறு போடும் என்று புரிய, பாஸ்டனில் பனி கொட்டும் ஒரு காலையைப் பார்க்க வேண்டும். நம் ஊரில் மழை பெய்தால் பள்ளி விடுமுறையா என்று கலெக்டர் அறிவிப்புக்காகக் குழந்தைகள் டிவி முன்னால் தவம் கிடப்பதில்லையா, அதேதான். காலை ஐந்தரைக்குத் திரையின் அடியில் ஊர்ப் பெயர்கள் அகர வரிசையில் ஓடும். ஆபிங்டன் மூடல், ஆக்டன் இரண்டு மணி நேரம் தாமதம், ஆண்டோவர் மூடல். எங்கள் ஷாரன் வரிசையின் கடைசிப் பகுதியில் வரும். ஸ்கிச்சுவேட் வந்து சீகாங்க் வந்தால் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த நேரம் பார்த்துத் தோசையைத் திருப்பப் போனால் ஷாரன் கடந்துபோயிருக்கும். மறுபடி ஆபிங்டனிலிருந்து காத்திருக்க வேண்டும். 2017 பிப்ரவரியில் பனி கொட்டிய நாளில் என் மகள் போர்வையைச் சுற்றிக்கொண்டு சோபாவில் அந்தப் பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எந்தச் சேனல் என்று எட்டிப் பார்த்தேன். 7. நெட்வொர்க் போன விஷயம் அவளுக்குத் தெரியாது. பட்டை ஓடியது, அது போதும் அவளுக்கு.

அப்படியானால் சேனல் 7-க்கு நஷ்டமே இல்லையா?

ஏன் இல்லை. 2018 பிப்ரவரியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு சூப்பர் பௌல் என்ற கால்பந்து இறுதி ஆட்டம் என்பிசியில். ஆடியது பாஸ்டன் மக்கள் உயிரைக் கொடுக்கும் பேட்ரியட்ஸ். சில நாட்களில் குளிர்கால ஒலிம்பிக்ஸ், அதுவும் என்பிசியில். சொந்த ஊர் அணி இறுதி ஆட்டத்தில் ஆடும் நாளில் விளம்பரத்துக்கு என்ன விலை கிடைக்கும், ஆட்டம் முடிந்ததும் வரும் உள்ளூர் செய்தியை எத்தனை பேர் பார்ப்பார்கள்! அது அத்தனையும் போனது. கேபிள் கம்பெனிகளிடம் கட்டணம் பேசும்போது கையில் கால்பந்து இல்லாத நிலையத்துக்குப் பேரம் பேசும் பலமும் குறையும்.

மறுபக்கம், நெட்வொர்க்குக்குக் கப்பம் கட்ட வேண்டாம். எல்லா நேரத்தின் விளம்பரமும் சொந்தம். ஆன்சினுக்கு இன்னொரு கைப்பிடியும் இருந்தது. அதே ஊரில் டபிள்யூஎல்விஐ என்ற சேனல் 56-ஐயும் அவர் 2006 முதல் வைத்திருந்தார். 2017-ல் முடிந்த அரசின் அலைவரிசை ஏலத்தில் அந்த நிலையத்தின் அலைவரிசையை 16 கோடி டாலருக்கு மேல் விற்றுவிட்டு, அதைச் சேனல் 7-இன் அலையிலேயே ஒண்டிக்கொள்ளச் செய்தார்.

இணைப்பு போன எல்லா நிலையமும் இப்படிப் பிழைத்ததா?

இல்லை. சான் ஃபிரான்சிஸ்கோவின் கேஆர்ஓஎன் கதையைக் கேட்டால் வயிற்றைக் கலக்கும். சேனல் 4, அந்த ஊரின் பழம்பெரும் என்பிசி நிலையம். உரிமையாளர்கள் விற்க முன்வந்தபோது என்பிசியே வாங்கப் பார்த்தது. அதை மிஞ்சி யங் பிராட்காஸ்டிங் என்ற கம்பெனி சுமார் 82 கோடி டாலருக்கு 2000-ல் வாங்கியது. பெருந்தொகையும் கடன். பிறகு என்பிசி, இணைப்பு வேண்டுமென்றால் ஆண்டுதோறும் பணம் கட்டு, நிலையத்தின் பெயரில் என்பிசியை முன்னால் வை என்று நிபந்தனை போட்டது. யங் மறுத்தது. என்பிசி தெற்கே சான் ஹோசேயில் இருந்த கேஎன்டிவிக்குப் போய்விட்டது. 2002 ஜனவரி 1 முதல் கேஆர்ஓஎன் தனிமரம். கடன் மட்டும் அப்படியே நின்றது. 2009-ல் யங் திவால் மனு கொடுத்தது.

அதே 2002-ல் ஃப்ளோரிடாவின் ஜாக்சன்வில்லில் வேறு மாதிரி நடந்தது. டபிள்யூஜேஎக்ஸ்டி, ஊரின் முதல் நிலையம், 1949 முதல் சிபிஎஸ். புது ஒப்பந்தத்தின் நிபந்தனைகள் ஒத்துவராமல், ஜூலையில் அதுவே நெட்வொர்க்கை உதறிவிட்டுத் தனியானது. "உள்ளூர் நிலையம்" என்றே தன்னை அழைத்துக்கொண்டு செய்தியைப் பெருக்கியது. இன்றும் தனி நிலையமாகவே நிற்கிறது.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? என் பார்வையில் இரண்டு. ஜாக்சன்வில் நிலையத்தின் கழுத்தில் அப்படியொரு கடன் இல்லை. அதன் செய்தி அறையில் ஊர் மக்களின் நம்பிக்கை பல ஆண்டுகளாகச் சேர்ந்திருந்தது; நெட்வொர்க் போன பிறகு முதலில் செய்தியில் செலவைக் குறைக்காமல், செய்தியிலேயே பணத்தைப் போட்டார்கள். கேஆர்ஓஎன்னிலும் திறமையான ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் சம்பாதித்ததை வட்டி தின்றது.

ஊழியர்கள் கதி?

அறிவிப்புக்கும் பிரிவுக்கும் இடையிலான மாதங்கள்தான் கொடுமை. பாஸ்டனில் புது என்பிசி நிலையம் ஆள் எடுத்தது, சேனல் 7-உம் செய்தியைக் கூட்டியதால் ஆள் தேவைப்பட்டது. அதனால் அங்கே பெரிய இடி விழவில்லை. சிலர் அந்தப் பக்கம் போனார்கள். எல்லா ஊரிலும் அந்த அதிர்ஷ்டம் இருக்காது. விளம்பரப் பிரிவில் இருப்பவர்களைத்தான் யாரும் நினைப்பதில்லை. அடுத்த ஆண்டு உங்கள் சேனலில் கால்பந்து உண்டா என்று கேட்கும் கார் கடைக்காரரிடம் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான்.

ஆன்சின் பேசாமல் விற்றிருக்கலாமே? வயதும் ஆகிவிட்டதே?

அப்போது அவருக்கு எண்பது. விற்றுவிட்டுப் போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் விற்றிருந்தால் பாஸ்டனில் செய்தி அறைகளின் எண்ணிக்கை ஒன்று குறைந்திருக்கும் என்று நான் நம்புகிறேன். காம்காஸ்ட் ஏற்கெனவே என்இசிஎன் வைத்திருந்தது. ஒரே முதலாளிக்கு இரண்டு செய்தி அறை எதற்கு? அவர் மறுத்ததால் ஊருக்குப் பழைய சேனல் 7-உம் இருந்தது, புது என்பிசியும் வந்தது. நகராட்சிக் கூட்டத்தில் இன்னொரு கேமரா, தீப்பிடித்த வீட்டு வாசலில் இன்னொரு நிருபர். நான்கு ஆண்டுகள் கழித்து, 2020 ஜூலையில், 84 வயதில் அவர் இறந்தார். கடைசிவரை இரண்டு சேனல் 7-களும் அவர் குடும்பத்தின் கையில்தான் இருந்தன.

2025-ல் மயாமியில் நடந்தது என்ன?

இந்த முறை அடி வேறொருவருக்கு. டபிள்யூபிஎல்ஜி, சேனல் 10. ஏறக்குறைய 70 ஆண்டுகளாக ஏபிசி நிலையம். உரிமையாளர் வாரன் பஃபெட்டின் பெர்க்‌ஷயர் ஹாத்தவே. ஏபிசியோடு பேச்சுவார்த்தை முறிந்துவிட்டதாக மார்ச்சில் அறிவித்தார்கள். ஆகஸ்ட் 4 முதல் தனி நிலையம். அவர்களும் உள்ளூர் செய்தியைத்தான் கூட்டினார்கள். ஏபிசி எங்கே போனது தெரியுமா? ஆன்சின் குடும்பத்தின் டபிள்யூஎஸ்விஎன்னுக்கு, 7.2 என்ற உள்சேனலாக. இரண்டு முறை கழற்றிவிடப்பட்ட வீட்டின் வாசலில் ஒரு நெட்வொர்க் தானே வந்து நின்றது. அதைப் பார்க்க அவர் இல்லை.

உள்சேனல் என்பதைக் கவனியுங்கள். முன்பு ஒரு நெட்வொர்க்குக்கு ஒரு முழு நிலையம் வேண்டும். டிஜிட்டல் வந்த பிறகு ஒரே அலைக்குள் நாலைந்து சேனலை அடக்கலாம். ஒரு நிலையத்தை விட்டால் போக நெட்வொர்க்குக்கு இடம் சுலபமாகக் கிடைக்கிறது. அந்த அளவுக்கு நிலையங்களின் பேர பலம் இறங்கிவிட்டது.

அட்லாண்டாவில் அதே ஆகஸ்டில் சிபிஎஸ், டபிள்யூஏஎன்எஃப் நிலையத்தை விட்டுத் தனக்கே சொந்தமான டபிள்யூயூபிஏவுக்குப் போனது. பாஸ்டன் கதையின் மறுபதிப்பு.

எங்கள் ஊர் நிலையத்துக்கு இப்படி ஆனால் நான் என்ன செய்ய வேண்டும்?

கேபிள் என்றால் புது எண்ணைத் தெரிந்துகொண்டால் போதும். ஆன்டெனா என்றால் மாற்றம் நடக்கும் அன்று காலை ஒரு முறை சேனல் ஸ்கேன் செய்யுங்கள். வரவில்லையென்றால் ஆன்டெனாவை வேறு ஜன்னலில் வைத்து மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். புதுக் கோபுரம் எந்தத் திசையில் இருக்கிறது என்று எஃப்சிசி தளத்தில் உங்கள் முகவரியைப் போட்டுப் பார்க்கலாம். அப்படியும் வரவில்லை என்றால் இரண்டு நிலையங்களுக்கும் எழுதுங்கள். உங்கள் செனட்டருக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். பாஸ்டனில் அந்தச் சத்தம் எழுந்த பிறகுதான் என்பிசி கூடுதல் வழிகளைத் தேடியது.

பழைய சேனலின் செய்தி உங்களுக்குப் பிடித்திருந்தால் அதைத் தொடர்ந்து பாருங்கள். நெட்வொர்க் இல்லாத நிலையத்தின் விளம்பர விலையை முடிவு செய்வது அந்தப் பார்வைதான். பக்கத்தில் வயதானவர்கள் இருந்தால் ஒரு நடை போய் அவர்கள் டிவியையும் ஸ்கேன் செய்துவிட்டு வாருங்கள். கீழ் வீட்டு அம்மாவின் டிவி 2018-ல் நீதம் கோபுரம் வந்த பிறகு பழையபடி கூடத்துக்குத் திரும்பியது. வடக்கு ஜன்னல் கண்ணாடியில் அந்த டேப்பின் தடம் இன்னும் போகவில்லை.